புதிதாக வந்த பாம்பு மூலையிலேயே சுருண்டு கிடக்கிறதா?

கேள்வி: நண்பர் ஒருவர் இனி வளர்க்க முடியாது என்று சொன்னதால், அவருடைய மூன்று வயதுப் பால் பைத்தானை (ball python, மலைப்பாம்பில் ஒரு வகை) தத்தெடுத்துப் பத்து நாள் ஆகிறது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். அடியில் ஒரு பக்கம் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), மேலே சிவப்பு பல்பு, நடுவில் ஒரு மரத்துண்டு, தண்ணீர்க் கிண்ணம். தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறேன். இரண்டு முறை இரை வைத்தும் தொடவில்லை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் பசியைப் பற்றிய பயத்தை விடுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பால் பைத்தான் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். எனக்குக் கவலை தருவது அந்தத் தொட்டிதான்.

பாம்பு தன் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்குத் திரும்பும். தின்றதைச் செரிக்கவும் அந்தச் சூடு வேண்டும். அதே சமயம் இது கூச்சமுள்ள பிராணி. பெயரில் உள்ள ‘பால்’ என்பது பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். உங்கள் தொட்டியில் நல்ல மறைவிடம் இல்லை, அதனால் மூலையையே மறைவிடமாக்கிக்கொண்டது. அந்த மூலை குளிர்ந்த பக்கம் இருந்தால், சூடு தேவைப்பட்டாலும் அங்கேயே கிடக்கும். பாதுகாப்பா சூடா என்று வந்தால் பால் பைத்தான் பெரும்பாலும் பாதுகாப்பைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டு பொந்துகள் வையுங்கள், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் திறந்த மரத்துண்டு பொந்து ஆகாது. ஒரே வாசல் வேண்டும். உள்ளே சுருண்டால் முதுகும் பக்கங்களும் சுவரில் உரச வேண்டும், அவ்வளவு நெருக்கமாக. கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்தாலே போதும். தொட்டியின் மூன்று பக்கக் கண்ணாடியை வெளியிலிருந்து காகிதம் ஒட்டி மறையுங்கள். நடுவில் உள்ள வெட்டவெளியைக் கிளைகளாலும் பிளாஸ்டிக் இலைகளாலும் நிரப்புங்கள். பொந்துக்குப் பொந்து மறைவாகவே போய்வர முடிய வேண்டும்.

அடுத்தது வெப்பம். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. வெப்பம் அளவை மீறாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அது இல்லையென்றால் இன்றே ஹீட் மேட்டை அணையுங்கள், தெர்மோஸ்டாட் வாங்கிய பிறகு போடுங்கள். என்னிடம் ஒரு முறை கொண்டுவந்த பாம்பைத் திருப்பிப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய வயிற்றுச் செதில்கள் உள்ளங்கை நீளத்துக்குப் பழுப்பாகி, ஓரங்களில் தூக்கிக்கொண்டு நின்றன. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட்டின் மேல் படுத்தே வெந்திருந்தது. அடிவயிற்றில் சுடுகிறது என்று பாம்பு விலகிப்போய்விடும் என நம்பாதீர்கள். கையை வைத்துப் பார்த்து வெப்பத்தைக் கணிக்கவும் வேண்டாம். டிஜிட்டல் வெப்பமானியின் நுனி, பாம்பு படுக்கும் தரை மட்டத்தில் இருக்கட்டும். மேலே கண்ணாடியில் ஒட்டினால் அங்குள்ள காற்றின் சூட்டைத்தான் காட்டும்.

சிவப்பு பல்பைக் கழற்றிவிடுங்கள். இது இரவில் நடமாடும் பிராணி, அதற்கு முழு இருட்டு வேண்டும். கூடுதல் சூடு தேவையென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போடுங்கள். அதற்குக் கம்பிக் கூண்டும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம்.

ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். முதல் சில வாரங்களுக்குத் தரையில் வெறும் டிஷ்யூ பேப்பர் விரியுங்கள். கழிவு எப்படி இருக்கிறது, உண்ணி இருக்கிறதா என்று அதில் பளிச்சென்று தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் கிடந்தால் உண்ணி என்று சந்தேகப்படுங்கள். இந்த நாட்களில் ஈரப் பாசி போட்ட டப்பா ஒன்று உள்ளே இருக்கட்டும். பிறகு தேங்காய் நார்த்தூளை நாலு விரல் ஆழத்துக்குப் போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாக, மேல் காய்ந்து இருக்க வேண்டும். மேலே சதா நனைந்திருந்தால் வயிறு புண்ணாகும். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது. கண் பால்போல மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று பொருள். உரித்த சட்டையைக் கையில் எடுத்து, இரண்டு கண்களின் மேல்தோலும் அதோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூடிக்குப் பூட்டு உண்டா? மூக்கால் நெம்பியே தூக்கிவிடும்.

இனி உங்கள் கை. தினமும் எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவது தவிர வேறெதற்கும் தொட்டிக்குள் கை போகக் கூடாது. அதன் பிறகு, இருட்டும் நேரத்தில், உறைநிலையில் வாங்கிய எலியை முழுதும் உருகவைத்து, வெந்நீரில் 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஈரம் துடைத்து, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும், பாருங்கள். அவற்றால்தான் அது இரையின் சூட்டை உணர்கிறது. ஆறிப்போன எலியைப் பெரும்பாலும் சீண்டாது. இரையின் பருமன் பாம்பின் நடுவுடல் அளவே இருக்கட்டும். உயிருள்ள எலி வேண்டாம், கடித்துக் குதறிவிடும். தொடவில்லையென்றால் எடுத்துவிட்டு அடுத்த முயற்சிக்கு ஒரு வாரம் விடுங்கள். தின்றால் இரண்டு நாள் தூக்காதீர்கள். இரண்டு மூன்று வேளை தொடர்ந்து தின்ற பிறகு பழக்கலாம்.

வாரம் ஒரு முறை எடை போடுங்கள், அதற்கென்று தனித் தராசு வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தொட்டியைத் தொட்ட பின் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இதற்கெல்லாம் செலவாகும், தெரியும். ஆனால் இது இருபது, முப்பது ஆண்டு உங்களோடு இருக்கப்போகும் உயிர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 2020-இல் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் முட்டையே இட்டது.

இன்னொன்று. நண்பரிடம் இன்றே கேளுங்கள்: சுண்டெலியா பெரிய எலியா, கடைசியாக எப்போது தின்றது, தொட்டிக்குள்ளா வெளியிலா? ஒன்றைத் தின்று பழகிய பால் பைத்தான் இன்னொன்றை இரையாகவே மதிக்காமல் இருப்பதுண்டு. அவர் வைத்திருந்த பழைய பொந்து இருந்தால் கழுவாமல் அப்படியே வாங்கி வாருங்கள். அதன் வாசனை அதில் இருக்கும்.