போட்டி நாட்களில் சரக்கு இறக்குவது எப்படி?

மைதானத்துக்குப் பக்கத்தில் கடை, போட்டி நாட்களில் பகல் முழுக்கச் சாலை அடைப்பு, சரக்கு வண்டி எப்படி வரும் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் நேரத்தை மாற்றப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது பல கடைகளுக்கு இரவிலும் விடிகாலையிலும்தான் சரக்கு வந்தது. இரவில் இறக்க அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ட்ராலி தடதடத்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். ரப்பர் சக்கரம் போடுங்கள், டிரைவரை இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். சாவியோடு ஒரு ஆள் கடையில் இருக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பில் ரோல், அட்டைப்பெட்டி போன்ற கெடாத சாமான்களை இப்போதே வாங்கி அடுக்கிவிடுங்கள். அப்புறம், ஆட்டம் முடிகிற நேரத்தில் ஊழியர்களின் ஷிப்டும் முடிய வேண்டாம், வீடு திரும்பும்போது கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். சப்ளையரிடம் இன்றே பேசுங்கள். கடைசி வாரத்தில் இரவு ட்ரிப் கிடைப்பது கஷ்டம்.