குளத்துக்குக் குழாய்த் தண்ணீர்: எந்த மருந்து வேண்டும்?

கேள்வி: தோட்டத்தில் 2,000 லிட்டர் குளம், கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறேன். வெயிலில் வாரம் 100 லிட்டர் வற்றுகிறது. குழாய்த் தண்ணீர் விடும்போதெல்லாம் குளோரின் நீக்கி, பாட்டில் பாக்டீரியா, பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) இறக்கும் திரவம் என்று மூன்று மருந்து ஊற்றச் சொல்கிறார் மீன் கடைக்காரர். தேவையா?

பதில்: மூன்றில் இரண்டு வேண்டவே வேண்டாம். கடைக்காரருக்கு விற்க வேண்டும், அதனால் சொல்கிறார். பாட்டில் பாக்டீரியா, பிஎச் இறக்கும் திரவம் இரண்டையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அதிலும் பிஎச்சை மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதுதான் பெரிய வம்பு, மீனுக்கு நிலையான பிஎச் இருந்தால் போதும், அது கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பழகிக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது குளோரின். அது மீனின் செவுளை அரிக்கும், ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். (ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள்.) நீங்கள் விடுவது இருபதில் ஒரு பங்கு. ஒரு நாள் முழுக்கத் திறந்த தொட்டியில் பிடித்துவைத்து, ஏர் பம்ப் இருந்தால் போட்டுவிட்டு, அப்புறம் மெல்ல ஊற்றினால் குளோரின் பிரச்சினை முடிந்தது.

ஆனால் சில ஊர்க் குழாய்களில் வருவது குளோரின் இல்லை, குளோரமைன். குளோரினோடு அம்மோனியா சேர்ந்தது. இது ஒரு நாள் வைத்தாலும் போகாது, வெயிலில் வைத்தாலும் சட்டென்று போகாது. எது வருகிறது என்று குடிநீர் அலுவலகத்தைக் கேட்டால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புவார்கள், குடிக்கிற தண்ணீரில் என்ன கலக்கிறார்கள் என்று சொல்ல இவ்வளவு தயக்கம் ஏனோ! நீங்களே பார்த்துவிடலாம். 'மொத்த குளோரின்' (total chlorine) காட்டும் சோதனைப் பட்டை வாங்குங்கள், 'தனி குளோரின்' (free chlorine) மட்டும் காட்டுவது இதற்கு உதவாது. இரண்டு நாள் வைத்த வாளித் தண்ணீரிலும் நிறம் மாறினால் அநேகமாகக் குளோரமைன்தான். அப்போது குளோரினை முறிக்கும் உப்பான சோடியம் தயோசல்பேட் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருந்தால்கூட 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம் போதும். கடையில் விற்கும் குளோரின் நீக்கிகள் பலவற்றில் இருப்பதும் இதே உப்புதான், தண்ணீரில் கரைத்து லேபிள் ஒட்டியிருப்பார்கள். இது குளோரமைனை உடைத்தபின் மிஞ்சும் அம்மோனியாவை நன்றாக ஓடும் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும்.

டியூபைக் குளத்தில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். மறந்துபோய் இரவெல்லாம் ஓடினால் காலையில் மீன்கள் மேலே மிதக்கும்.

இன்னொன்று, வற்றும்போது நீர் மட்டும்தான் போகிறது, உப்பும் சுண்ணாம்பும் குளத்திலேயே தங்கிவிடும். அதனால் அவ்வப்போது சில வாளி மொண்டு செடிகளுக்கு ஊற்றிவிட்டு நிரப்புங்கள்.