பருப்பு வேகலயா? புளிய எப்ப ஊத்துனீங்க?

இந்த தடவ வந்த கேள்விங்கள வரிசையா படிச்சா ஒரு விஷயம் சிரிப்பா இருந்துச்சு, கேக்குறவங்க வேற வேற ஆளு, வேற வேற காய், ஆனா பாதி பேரு வீட்ல குத்தவாளி ஒரே ஆளு, புளி. சரி ஒவ்வொண்ணா வர்றேன்.

தண்டையார்பேட்டைல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, துவரம்பருப்பு ஏழு விசில் வெச்சாலும் முழுசு முழுசா நிக்குது. மாமியார் வீட்ல இதே குக்கர்ல குழைவா வருது. எங்க வீட்ல போர் தண்ணி தான்.

கேள்விலயே பதில் இருக்கும்மா. போர் தண்ணி தான் காரணம். நம்ம வடசென்னை பக்கம் கடல் கிட்ட இருக்குறதால நெறய தெருவுல நிலத்தடி தண்ணி உப்பும் கடினமுமா தான் வரும், அதுல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் பருப்புல இருக்குற பெக்டின்ங்கற பசைய புடிச்சு இறுக்கிடும், அப்புறம் எத்தன விசில் விட்டாலும் கரையாது. பருப்புக்கு மட்டும் மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் பைப்ல விடுறது) இல்ல கேன் தண்ணி வைங்க. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குற ஆலை 2010-ல வந்துச்சு, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்குற அளவுக்கு கட்டுனது. அந்த மாதிரி தண்ணி எங்க வீட்டு பைப்ல வர்ற அன்னிக்கு பருப்பு தனி பதமா வேகும், அன்னிக்கே சாம்பார் வெச்சிடுவேன்.

வேற வழியே இல்லன்னா போர் தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற விடுங்க, அடியில வெள்ளையா படியும் பாருங்க, அத விட்டுட்டு மேல இருக்குறத மட்டும் எடுங்க. முழுசா சரியாகாது, ஆனா வித்தியாசம் தெரியும். அந்த தண்ணில ஒரு ஸ்பூன் உப்பு போட்டு பருப்ப அரை மணி நேரம் ஊற வெச்சு, வடிச்சு, ஒரு கப்புக்கு மூணு கப் தண்ணி ஊத்தி வைங்க. பருப்பு பழசாயிருந்தாலும் வேகாது, அதனால மாச சாமான்ல மூணு கிலோ வாங்கி டப்பால அடைக்காதீங்க.

இன்னொண்ணு, தக்காளியும் புளியும் பருப்போட சேத்து ஒரே குக்கர்ல போடுற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்டுடுங்க. புளிப்பு பட்டா பருப்பு இறுகிடும். இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். சாப்பாடு செஞ்சு குடுக்க ஆரம்பிச்ச புதுசுல ஒரு வளைகாப்புக்கு நூறு பேருக்கு சாம்பார், டைம் மிச்சம் பண்றேன்னு எல்லாத்தையும் ஒரே அண்டால கொட்டிட்டேன், பந்தி உக்காந்தாச்சு, பருப்பு மட்டும் கல்லு மாதிரி அடியில ஓடிட்டு இருக்கு. கடைசில மத்த போட்டு கடைஞ்சு, மேல நெய்ய ஊத்தி சமாளிச்சேன். அந்த வீட்டு பாட்டி சாப்ட்டுட்டு "இன்னாம்மா, சாம்பார் கடிக்குது"ன்னாங்க பாருங்க, இன்னிக்கும் காதுல கேக்குது.

ராயபுரம்: புரட்டாசி வந்தா வீட்டுக்காரர் முகத்த தூக்கி வெச்சுக்குறார். மீன் இல்லாம மீன் குழம்பு ருசி வருமா ஆன்ட்டி?

காசிமேட்டு மீன் துறைமுகத்துக்கு பக்கத்துல குடியிருந்துட்டு புரட்டாசி விரதம் இருக்குறது கஷ்டம் தான், வாசனையே விடாது. கடல் வாசனை வரவே வராது, அத எதிர்பாக்காதீங்க. ஆனா மீன் குழம்புல நாக்குக்கு புடிக்குறது முக்கால்வாசி அந்த குழம்பு தான், மீனு கால்வாசி. அந்த முக்கால்வாசிய கொண்டாந்துடலாம்.

வாழைக்காய் ரெண்டு, தோல் சீவி மீன் துண்டு மாதிரி சாய்வா, விரல் தடிமனுக்கு வெட்டுங்க. மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு பிசிறி பத்து நிமிஷம் வெச்சு தோசக்கல்லுல ரெண்டு பக்கமும் சிவக்க போட்டு எடுங்க, உள்ள முக்காவாசி வெந்திருக்கணும். இத விட்டுடாதீங்க, பச்சையா புளிக்குழம்புல போட்டா லேசுல வேகாது. பருப்புக்கு ஆகாத அதே புளி இங்க நல்லது பண்ணும், வெந்த துண்டு கரையாம உடையாம நிக்கும்.

அடி கனமான சட்டி, மண்சட்டி இருந்தா ரொம்ப நல்லது. ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய், அதுல தாளிப்பு வடகம் ஒரு உருண்டைய உதுத்து போடுங்க. இந்த வடகம் இல்லாம நம்ம பக்கத்து மீன் குழம்பு கிடையாது, சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் இடிச்சு வெளக்கெண்ணெய் தொட்டு உருட்டி சித்திரை வெயில்ல காய வெச்சது. வீட்ல இல்லன்னா வண்ணாரப்பேட்டைல நாட்டு மருந்து கடையில கேளுங்க, இல்ல பக்கத்து வீட்டு பெரியம்மாவ கேளுங்க. அது பொரிஞ்சதும் சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்து பல்லு, கருவேப்பில, ரெண்டு தக்காளி வதக்கி, குழம்பு மிளகாத்தூள் மூணு ஸ்பூன் போட்டு கருகாம பிரட்டி, எலுமிச்ச அளவு புளிய கரைச்சு ஊத்தி பதினஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. எண்ண மேல மிதந்ததும் வாழைக்காய இறக்கி அஞ்சு நிமிஷம், அடுப்ப அமத்திடுங்க. தேங்கா அரைச்சு ஊத்தாதீங்க, அது வேற குழம்பு. காலைல வெச்சு ராத்திரி ஊத்துங்க, அன்னிக்கு முகம் எப்படி இருக்குன்னு பாருங்க.

அதே ராயபுரத்துல இன்னொருத்தர்: வாழைக்காய்க்கு பதில் சேனை போடலாமா? கை அரிக்குதே.

போடலாம். அரிக்குறது சேனைல இருக்குற ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட்டால. கைல எண்ண தடவிட்டு, ஈரம் இல்லாம வெட்டுங்க, புளித்தண்ணில வேக வெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு அப்புறம் வறுங்க.

வியாசர்பாடி: வெண்டைக்காய் பொரியல் கொழகொழன்னு வருது.

கழுவி, துணில தொடச்சு, முழுசா காஞ்சப்புறம் வெட்டுங்க. மூடி போடாதீங்க. பாதி வதங்குனதும் ரெண்டு ஸ்பூன் புளித்தண்ணி இல்ல தயிர். உப்பு கடைசில. அவ்ளோ தான்.

திருவொற்றியூர்: கீரை பச்சையா இருக்கணும்னு சோடா உப்பு போடுறேன், தப்பா?

தப்பு. நிறம் நிக்கும், கீரை கூழாகும், தயாமின்ங்கற வைட்டமின் பி1 சத்தும் அழிஞ்சிடும். தட்டு போட்டு மூடுறதால தான் நிறம் போகுது, கீரைலயே இருக்குற புளிப்பு ஆவியோட வெளிய போகாம திரும்ப உள்ளயே விழுது. திறந்து வெச்சு பெரிய தீயில ஆறேழு நிமிஷம் வேக வைங்க, கடைஞ்சிடுங்க. புளிச்சகீரை மட்டும் என்ன பண்ணாலும் காக்கி கலர் தான், அது பொறந்த குணம், விட்டுடுங்க.

மூலக்கடை: மார்கழில முருங்கைக்காய் விலை கேட்டாலே தல சுத்துது, சாம்பார்ல வேற என்ன போடலாம்?

மார்கழில முருங்கைக்காய் எதுக்குங்க? அது வெயிலுக்கு கொத்து கொத்தா வர்ற காய், அப்ப மாங்காயும் பலாக்கொட்டையும் சேத்து போட்டா அது சாம்பார். கொத்தவால்சாவடி மொத்த மார்க்கெட் 1996-ல கோயம்பேடு போனப்புறம் எல்லா காயும் எல்லா மாசமும் கிடைக்குது, அதனால எது எந்த மாசத்து காய்னே நமக்கு மறந்து போச்சு. மார்கழி தைக்கு முள்ளங்கி, அவரை, பச்சை மொச்ச. மொச்சய ராத்திரி ஊற வெச்சு காலைல விரலால பிதுக்குனா தோல் கழண்டு வந்துடும், அந்த பருப்புல கத்திரிக்காயும் போட்டு குழம்பு வைங்க. உக்காந்து பிதுக்க ஆளு வேணும், டிவி முன்னாடி பசங்கள உக்கார வைங்க. இதுலயும் மொச்ச வெந்தப்புறம் தான் புளி, மேல சொன்னது தான்.

பெரம்பூர் தம்பி: பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்ட்ற அத்தோ வீட்ல சைவமா வருமா?

வரும்ப்பா. 1960-கள்ல பர்மால இருந்து திரும்பி வந்த நம்ம ஆளுங்க கொண்டாந்த நூடுல்ஸ் சாப்பாடு அது, முட்டை கூட இல்லாமயும் நல்லா இருக்கும். பூண்ட மெல்லிசா சீவி எண்ணெய்ல பொன்னிறமா வறுத்து எடுத்துட்டு, அந்த எண்ணெய எடுத்து வைங்க, ருசியே அது தான். வெந்து ஆறுன நூடுல்ஸ், முட்டைக்கோஸ் நூலா சீவுனது, வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்து பொடிச்ச கடலமாவு, மிளகாத்தூள், உப்பு, கெட்டி புளித்தண்ணி, அந்த பூண்டு எண்ணெய், கொத்தமல்லி, எல்லாத்தையும் கையால பிசைங்க, கரண்டி ஆகாது. முட்டைக்கோஸ் குளிர் மாசத்துல இனிப்பா இருக்கும், அப்ப செய்யுங்க. அத்தோவோட குடிக்குற சூப்புக்கு வாழைத்தண்ட நார் எடுத்து வட்டமா வெட்டி, மோர்த்தண்ணில போட்டு வைங்க, இல்லன்னா கருத்துடும். வெங்காயம், பூண்டு, மிளகு தட்டி போட்டு தண்டு வெந்ததும் ரெண்டு ஸ்பூன் கடலமாவு கரைச்சு ஊத்துங்க. மேல நொறுக்கி போடுற மொறு மொறு பேஜோ வேணும்னா கடைல ஒரு பாக்கெட் வாங்கிக்கோ, வீட்ல அது மொறுமொறுன்னு எனக்கே வந்ததில்ல.