கொடுக்கிற கையின் கணக்கு

கேள்வி: ஒரு அரசு தன் மக்களின் வரிப்பணத்தை எடுத்து இன்னொரு நாட்டுக்குக் கொடுப்பது நல்ல மனதாலா, உள்நோக்கத்தாலா?

பதில்: இரண்டாலும்தான். மார்ஷல் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போரில் சிதைந்து கிடந்த மேற்கு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா 1948-லிருந்து நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் கொடுத்தது, அதில் பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். உணவு போனது, எரிபொருள் போனது, எந்திரங்கள் போயின. பசியும் வேலையின்மையும் நீடித்தால் பிரான்சும் இத்தாலியும் கம்யூனிஸ்ட்டுகள் கைக்குப் போய்விடும் என்ற பயமும், அமெரிக்கச் சரக்கை வாங்க ஐரோப்பியர் கையில் காசு இருக்க வேண்டும் என்ற கணக்கும் கூடவே போயின. செக்கோஸ்லோவாக்கியா முதலில் 'வருகிறோம்' என்று சொல்லிவிட்டு, மாஸ்கோ கண்ணை உருட்டியதும் 1947-லேயே பின்வாங்கியது. நோக்கம் இருக்கிறது என்பதற்காக உதவியையே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நோக்கம் மாறும் நாளில் வாங்கியவர் கதி என்ன என்பதுதான் என் கவலை.

கேள்வி: வாங்கிய நாடு சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால்?

பதில்: 1990 நவம்பர் 29. குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்றப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது உறுப்பினராக இருந்த ஏமன் எதிர்த்து வாக்களித்தது. அரபு உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. கொஞ்ச நாளிலேயே அமெரிக்கா தந்து வந்த சுமார் 7 கோடி டாலர் உதவி வெட்டப்பட்டது.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1965, 66-ல் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது, பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் வந்த அமெரிக்கக் கோதுமைதான் பல மாநிலங்களில் ரேஷனை ஓட்டியது. அதிபர் ஜான்சன் அதை மொத்தமாக அனுமதிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, கயிற்றை இழுத்துப் பிடித்தபடி விடுவித்தார். விவசாயத்துக்கு இந்தியா கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பது ஒரு காரணம், வியட்நாம் போரை டெல்லி விமர்சித்தது இன்னொன்று. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று ஒரு அரசாங்கமே கடலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பசுமைப் புரட்சியை அவ்வளவு வேகமாகத் தள்ளியதில் அந்த அவமானத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதையும் உண்டு. அந்தக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில்தான் விலை கொடுத்தது, அந்த ரூபாயை அமெரிக்கா பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே செலவழிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு சிறு பங்கை வைத்து 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இவ்வளவு தமிழ்ப் புத்தகங்கள் சேர்ந்ததற்கு அந்தக் கோதுமைப் பணமும் ஒரு காரணம்.

கேள்வி: உதவி என்ற பெயரில் வியாபாரம் நடப்பதைத் தடுக்க முடியாதா?

பதில்: ஒரு முறை நீதிமன்றம் தடுத்திருக்கிறது. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்ட் உதவி தந்தது. மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்கும் பேச்சோடு அது பின்னப்பட்டிருந்தது பிறகு அம்பலமானது. 'இந்த அணை கட்டுப்படியாகாது' என்று உதவித் துறையின் உயரதிகாரியே எழுத்தில் ஆட்சேபித்திருந்தார். ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட, 1994-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த நிதியைச் சட்டவிரோதம் என்றது. வறுமையைக் குறைப்பதே வளர்ச்சி உதவியின் நோக்கம் என்று பிரிட்டன் 2002-ல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. கேள்வி கேட்டால் இவ்வளவாவது நடக்கும்.

கேள்வி: அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடப்பட்டதற்கு ஏன் இத்தனை வருத்தம்? அந்நியப் பணம் போனால் போகட்டுமே.

பதில்: 1961-ல் கென்னடி தொடங்கிய அமைப்பு அது. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்க உத்தரவு வந்தது, ஜூலை 1-ல் அந்த அமைப்பின் கதையே முடிந்து, மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குப் போனது. தூதரக அரசியலை விட்டுத்தள்ளுங்கள், ஒரு மாத்திரையைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவர் கூட்டு மருந்தை நாள் தவறாமல் எடுக்க வேண்டும், விட்டால் ரத்தத்தில் வைரஸ் மறுபடி ஏறும், மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறலாம். 2003-ல் புஷ் தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் திட்டத்தை நம்பி ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் அந்த மருந்தில் இருந்தார்கள். உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு என்று பிறகு அறிவித்தார்கள், ஆனால் அதற்குள் பல இடங்களில் மருத்துவமனை பூட்டியிருந்தது, ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். 'போகட்டும்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமயம், இத்தனை உயிர்களை வேறொரு நாட்டின் தேர்தல் முடிவில் கட்டிவைத்திருந்த அரசுகள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் சிறு அமைப்புக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகம் நிதி தர முன்வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேலை உங்களுடையதாக இருந்தால் வாங்குங்கள். வெளிநாட்டு நிதி வாங்க உங்கள் நாட்டுச் சட்டப்படி பதிவோ அனுமதியோ வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். அப்புறம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் 'தருபவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்' என்ற வரி இருக்கும். அதை அடிக்க முடியாது, ஆனால் முன்னறிவிப்புக் காலத்தைக் கூட்டிக் கேட்கலாம், அதுவரை ஒப்புக்கொண்ட செலவுகளைத் தர வேண்டும் என்று எழுதி வாங்கலாம். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டுங்கள், பயிற்சி கொடுங்கள், கருவி வாங்குங்கள். தினமும் வந்து நிற்கிறவர்களுக்கான மருந்தையும் ஊழியர் சம்பளத்தையும் மட்டும் அதை நம்பி வைக்காதீர்கள்.