1950களில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய மாவ் மாவ் போராளிகள் காட்டிலேயே தோற்றுவிட்டார்கள் என்றால் கென்யாவுக்குச் சுதந்திரம் எப்படிக் கிடைத்தது?

சண்டையில் தோற்றது உண்மைதான். அவர்களின் தலைவர் தேடான் கிமாத்தியை 1956 அக்டோபரில் சுட்டுப் பிடித்து, 1957 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். ஆனால் என்னைக் கேட்டால், பிரிட்டன் ஜெயித்த விதமே அதன் ஆட்சிக்கு எமனாக வந்தது.

பிரச்சினையின் வேர் நிலம். மேட்டுநிலத்தின் வளமான பகுதிகளை வெள்ளைக் குடியேறிகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். போராளிகளில் பெரும்பாலோர் கிகுயு இனத்தவர். அந்தக் கிகுயு மக்களுக்குக் குடிசை வரி கட்டக் காசு வேண்டும். காசுக்கு அந்தப் பண்ணைகளிலேயே கூலிக்குப் போக வேண்டும். கைரேகை பதித்த 'கிபாண்டே' என்ற அடையாள அட்டையை உலோகக் கூட்டில் போட்டு ஆண்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. 'ஜெனரல் சைனா' என்ற பெயரில் காட்டில் படை நடத்திய வருஹியு இடோட்டே, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக பர்மாவில் சண்டை போட்டவர்!

1952 அக்டோபர் 20 அன்று நெருக்கடிநிலை வந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயு மக்களை முள்வேலியும் அகழியும் சூழ்ந்த ஊர்களில் அடைத்தார்கள். 1,090 பேரைத் தூக்கிலிட்டார்கள். போராளிகளும் புனிதர்கள் அல்லர். 1953இல் லாரி என்ற ஊரில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். அவர்கள் கையால் செத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களே. வெள்ளைக் குடியேறிகளில் இறந்தவர்கள் 32 பேர்.

திருப்புமுனை என்று நான் நினைப்பது, மாவ் மாவ் கைதிகளை அடைத்து வைத்திருந்த ஹோலா முகாம். 1959 மார்ச்சில் அங்கே வேலை செய்ய மறுத்த கைதிகளில் 11 பேரைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். குடித்த தண்ணீரால் செத்தார்கள் என்று அதிகாரிகள் முதலில் கதை விட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் குட்டு உடைந்தது. அந்த ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர், ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஈனாக் பவல். பிற்காலத்தில் குடியேற்ற எதிர்ப்புக்குப் பேர்போன அதே பவல்தான்!

ஒரு காலனியைக் கையில் வைத்திருக்க இவ்வளவு பணமும் இவ்வளவு அவப்பெயரும் தேவையா என்ற கணக்கு லண்டனில் அதன்பின் மாறியது. கானா 1957இலேயே விடுதலை பெற்றிருந்தது. அல்ஜீரியாவில் பிரான்ஸ் படும் பாடும் கண்முன்னே இருந்தது. 1960 ஜனவரியில் நெருக்கடிநிலையை விலக்கினார்கள். அதே மாதம் லண்டனின் லங்காஸ்டர் ஹவுஸில் கென்யாவின் எதிர்காலம் பற்றிய பேச்சுவார்த்தை தொடங்கியது. 1963 டிசம்பர் 12 அன்று விடுதலை.

காட்டில் கிடந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் கசப்பானது. வெள்ளையர் பண்ணைகள் விலைக்குத்தான் கைமாறின. வாங்க வசதியிருந்தவர்களில் பலர் காலனி அரசோடு ஒத்துப்போனவர்கள். மாவ் மாவ் மீதான தடையைச் சுதந்திரக் கென்யாவே 2003 வரை நீக்கவில்லை. முகாம்களில் வதைபட்ட 5,228 பேருக்கு மொத்தம் 1.99 கோடி பவுண்டு தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது 2013இல், அதுவும் வழக்குப் போட்ட பிறகு.