வாசகர் கேள்வி – பதில்: ஒலிநாடாவில் சிக்கிய ஓர் இரவு

கேள்வி: எழுபதுகளின் ராக் இசையைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பூட்லெக்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் பொருள் என்ன? லெட் ஜெப்ளின் குழுவின் பூட்லெக்குகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்கலாம்? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: பூட்ஸின் கால்பகுதிக்குள் சாராயப் புட்டியை ஒளித்துக் கடத்தியவர்களால் வந்த சொல் அது. கள்ளச்சாராயத்துக்குப் பெயராக இருந்து, பிறகு இசைக்குழுவின் அனுமதியின்றிப் பதிவு செய்து விற்கப்படும் இசைத்தட்டுக்கும் பெயராயிற்று. கடையில் கிடைக்கும் இசைத்தட்டை நகலெடுத்து விற்பது வெறும் போலி. அதை இதோடு சேர்க்கக் கூடாது. நிறுவனம் வெளியிடாத ஒரு கச்சேரியை யாரோ ஒரு ரசிகர் ஒலிநாடாவில் பிடித்து வந்தார் என்பதால் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும் பதிவைத்தான் நான் பூட்லெக் என்று குறிப்பிடுகிறேன்.

ஒன்றே ஒன்று என்றால், தயக்கமில்லாமல் 'லைவ் ஆன் ப்ளூபெர்ரி ஹில்' என்பேன். 1970 செப்டம்பர் 4 அன்று, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கில் நடந்த கச்சேரி அது. ஃபேட்ஸ் டாமினோ பாடிப் புகழ்பெற்ற 'ப்ளூபெர்ரி ஹில்' பாடலை அன்றிரவு கடைசியாகப் பாடியதால், இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த அந்தப் பதிவுக்கு அதே பெயர் அமைந்தது.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். குழுவின் மூன்றாவது ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது அக்டோபர் 5 அன்று. அதாவது, அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆல்பத்தின் 'இமிக்ரன்ட் சாங்' பாடலை அதுவரை கேட்டதே இல்லை. கச்சேரி அதில்தான் தொடங்குகிறது. மூன்றாவது ஆல்பம் வந்தபோது, முழங்கும் மின்கித்தாரை விட்டுவிட்டு இவர்கள் நாட்டுப்புற மெல்லிசைக்குப் போய்விட்டார்கள் என்று விமர்சகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். இரண்டும் இந்தக் குழுவுக்கு ஒரே மேடையில், ஒரே மூச்சில் வரக்கூடியவை என்பதற்கு, ஆல்பம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே பதிவான இந்த ஒலிநாடா சாட்சி. வயலின் வில்லைக் கித்தார் நரம்புகளின்மேல் இழுத்து ஜிம்மி பேஜ் அரங்கையே அதிரவைக்கும் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' முடிந்து சிறிது நேரத்திலேயே, அவர் ஒலிபெருக்கி தேவைப்படாத மரக்கித்தாரை எடுத்துக்கொள்கிறார். ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கித்தாரை வைத்துவிட்டு மாண்டலின் வாசிக்கிறார்; சற்றுப் பின்னர் அதே மனிதர் ஆர்கனில் அமர்ந்து தனி ஆவர்த்தனமே செய்கிறார். ஜான் போனம் ஓரிடத்தில் குச்சிகளை வைத்துவிட்டு வெறுங்கைகளால் டிரம்ஸை வாசிக்கிறார். அப்போது போனத்துக்கும் பாடகர் ராபர்ட் பிளான்டுக்கும் வயது 22.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது மிகச் சிறிய ஒரு பகுதியைத்தான். வேல்ஸில் மின்வசதி இல்லாத ஒரு சிறு வீட்டில் பேஜும் பிளான்டும் அந்த ஆண்டு தங்கியிருந்தார்கள். அந்த வீட்டின் பெயரே 'ப்ரான்-அர்-ஐர்'. அதே பெயரில் பேஜ் இயற்றிய கித்தார் இசையை, பெயர்க் காரணத்தைப் பிளான்ட் கூட்டத்துக்குச் சொல்லி முடித்ததும், பேஜ் தனியாக வாசிக்கிறார். பல்லாயிரம் பேர் திரண்ட அரங்கில் ஒரே ஒரு கித்தார். முன்வரிசைக்கு எங்கோ பின்னாலிருந்து யாரோ கத்துகிறார், வேறு யாரோ அவரை அடக்குகிறார், மெல்ல மெல்ல அரங்கு அமைதியாகிறது. அந்த இசை ஆல்பத்தில் இடம்பெற்றது 1975இல்தான். அன்று கேட்டவர்கள் அதை மறுபடி கேட்க ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: நீங்கள் முன்பு பாராட்டிய ஒரு பூட்லெக்கைக் கேட்டேன். ஒலி மங்கலாகவும் இரைச்சலாகவும் இருந்தது. இதில் என்ன சுகம்? – கோவை வாசகர்

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. கூட்டத்தின் நடுவே பிடித்த மைக்கில் டிரம்ஸின் முழக்கம் அரங்கின் எதிரொலியோடு கலந்துதான் விழும். ஸ்டுடியோ ஆல்பத்தின் துல்லியத்தை இதில் தேடினால் கிடைக்காது. முதல் பத்து நிமிடங்கள் பொறுத்திருங்கள். காது பழகியதும் இசை தானாகவே இரைச்சலிலிருந்து பிரிந்து வரும். இயர்போனைவிட, அறையில் வைத்த ஸ்பீக்கரில் கேட்பது நல்லது. 'ப்ளூபெர்ரி ஹில்' கச்சேரியை அன்று ஒருவர் மட்டும் பதிவு செய்யவில்லை. வெவ்வேறு இடங்களில் இருந்தவர்களின் ஒலிநாடாக்கள் உண்டு. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கலைஞர்களுக்கு ஒரு காசும் போய்ச் சேராத திருட்டுப் பதிவை நீங்கள் புகழ்வது சரியா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: விற்றுப் பணம் பார்த்தவர்களை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதல்தான் கிடைத்தது. அந்தத் தளர்வான காலத்தில்தான் இத்தகைய இசைத்தட்டுகள் செழித்தன. குழுவின் மேலாளர் பீட்டர் கிரான்ட் இதை எவ்வளவு வெறுத்தார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும்: 1971இல் கனடாவின் வான்கூவரில், ஒலியளவைக் கணக்கிட வந்த ஒருவரின் கருவியைத் திருட்டுப் பதிவுக் கருவி என்று தவறாக எண்ணி உடைத்துவிட்டார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பு 1970 செப்டம்பர் 4 அன்று முழுமையாக வென்றிருந்தால், அந்த இரவு அங்கிருந்தவர்களின் நினைவோடு மறைந்திருக்கும். விற்பனையைக் கண்டிக்கிறேன், ஒலிநாடாவைச் சுழலவிட்ட அந்த ரசிகருக்கு நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் ஒரே மனதோடுதான் சொல்கிறேன்.

கேள்வி: இதற்கு இணையான அதிகாரபூர்வ ஆல்பம் உண்டா? – புதுச்சேரி வாசகர்

பதில்: உண்டு. 2003இல் வெளியான 'ஹவ் த வெஸ்ட் வாஸ் வன்'. அதே ஃபோரம் அரங்கில் 1972 ஜூன் 25 அன்றும், லாங் பீச்சில் 27 அன்றும் நடந்த கச்சேரிகளிலிருந்து பேஜே தொகுத்தது. ஒலி மிகத் தெளிவானது. குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் வந்த 'தட்ஸ் த வே' பாடல் இரண்டிலும் இருக்கிறது. முதலில் 2003 ஆல்பத்தில் கேளுங்கள், உடனே 1970இன் ஒலிநாடாவில் கேளுங்கள். பிந்தையதில், ஆல்பம் வழியாக இன்னும் யாருக்கும் அறிமுகமாகாத பாடலைக் கூட்டம் முதன்முதலாக எதிர்கொள்வதையும் சேர்த்துக் கேட்பீர்கள்.