மூங்கில் பிரஷ்ஷும் மாத பட்ஜெட்டும்

கேள்வி: என் கணவர் திடீரென்று பசுமை வாழ்க்கைக்கு மாறிவிட்டார். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, கலர் கலராகத் துணிப்பைகள், இப்போது மாடியில் சோலார் போட வேண்டுமாம். பட்ஜெட் எகிறுகிறது, மக்கும் குப்பை வாளியைப் பார்க்கிற வேலையும் என் தலையில். இதெல்லாம் வசதி உள்ளவர்கள் சமாச்சாரம்தானே?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொன்ன சாமான்களில் பாதி, கடைக்காரருக்குத்தான் லாபம். மூங்கில் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள், கைப்பிடிதான் மூங்கில், நார் பெரும்பாலும் நைலான்தான். ஸ்ட்ரா இல்லாமலே இளநீரை அண்ணாந்து குடிக்கலாம், அதற்கு ஒரு பைசா செலவில்லை. துணிப்பை நல்லதுதான், ஆனால் பருத்தி விளைவிக்கத் தண்ணீர், நூற்க, நெய்ய, சாயம் போட மின்சாரம் என்று அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கு அது ஈடாகும். நம் சாக்கடைகளை அடைக்கும் பையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதனால் பிளாஸ்டிக்குக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் கல்யாணத் தாம்பூலப் பைகளே போதும், இனி புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சோலார் விஷயத்தில் முதலில் மின் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கும் சலுகை விலை. 400 யூனிட்டுக்குள் ஓடும் வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் பில் வரும், அந்த வீட்டில் சோலார் போட்டால் போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். 500-ஐத் தாண்டினால் கதையே வேறு. சலுகை விலை போய், மேலே மேலே விலையும் ஏறும். ஏசி ஓடுகிற, 700, 800 யூனிட் வருகிற வீடு என்றால் தாராளமாகப் போடலாம். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், மத்திய அரசின் சூர்யகர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு.

500-ஐ ஒட்டி நிற்கிறீர்கள் என்றால் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், மின்சாரம் கம்மியாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) ஃபேன் 30 வாட் சுமாருக்குத்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பார்க்க ஒன்றும் பசுமையாகத் தெரியாது, அதனால்தான் யாரும் இதைப் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

வசதி உள்ளவர்கள் சமாச்சாரமா என்று கேட்டீர்கள். சில்வர் டிபன் கேரியரில் பார்சல் வாங்குவது, கிழிந்ததைத் தைத்து உடுத்துவது, பஸ்ஸில் போவது எல்லாம் நம் ஊரில் காசில்லாதவர்கள் பேர் வைக்காமல் செய்து வந்ததுதான். இதில் உண்மையான செலவு நேரமும் உடம்பு உழைப்பும்தான், அது வீட்டில் யார் கணக்கில் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொள்கை அவருக்கு, வாளி உங்களுக்கு என்றால் அது நியாயமே இல்லை. வாளியை இந்த வாரமே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: காய்கறிக் கழிவில் வீட்டிலேயே உரம் தயாரிக்க ஆரம்பித்தோம். நாற்றம் தாங்கவில்லை, புழு வேறு. விட்டுவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: விட வேண்டாம். ஈரம் அதிகமாகி, காற்றுப் போகாததால் வருகிற நாற்றம் அது. காய்கறிக் கழிவு ஒரு கை போட்டால் காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ ஒரு கை மேலே தூவுங்கள், அப்புறம் அவ்வப்போது கிளறிவிடுங்கள். வாளியின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை அவசியம். மீன் கழிவு, மிச்சமான தயிர்ச்சாதம் இதையெல்லாம் ஆரம்பத்திலேயே போடாதீர்கள். புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது கருப்பு சிப்பாய் ஈயின் புழுதான், கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், கடிக்காது. கோழி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் கேட்டு வாங்கிப் போவார்.